மரியபுஷ்பம் என்று யாரும் இல்லை

பொகவந்தலாவை,
2024.09.12

அன்புள்ள மருமகள் யூஜினாவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக.

இக்கடிதத்தை ஜூட்சன் உன் கையில் தருவார். கினிகத்தேனையைச் சேர்ந்த அவர் உங்கள் தொழிற்சாலையில் துணி வெட்டும் பகுதியில் இருப்பவர். விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஜோர்தானுக்குத் திரும்புகிறார். தொலைபேசியில் பேசுகின்ற மாமா எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். பேசும்போது என் அக்கா, உன் அம்மா, பக்கத்தில் இருக்கிறார். அது ஒரு காரணம். மற்றது, பேசினால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். இதைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ உடனே புறப்பட்டு வர வேண்டும். ஜூலையில் வர வேண்டாம் என்று சொன்னவன் நானே. அதை இப்போது மாற்றிச் சொல்கிறேன். காரணத்தை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

அக்காவின் கன்னத்து உட்புறப் புண் புற்றுநோய் என்று ஜூன் மாதம் உறுதியானதும், கதிர் சிகிச்சை தொடங்க ஜூலை 8ஆம் திகதி கிடைத்ததும் உனக்குத் தெரியும். அப்போது டாக்டர் ஓர் ஆராய்ச்சிப் பரிசோதனையைப் பற்றியும் சொன்னார். ஒரே அளவு கதிரைக் கொடுத்தாலும் சிலருடைய கட்டி கரைகிறது, சிலருடையது அசைவதில்லை. ஆகவே கட்டியிலிருந்து எடுக்கும் சிறு துண்டை உயிரோடு வைத்து, பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அதன்மேல் கதிரைச் செலுத்தி, எத்தனை உயிர்க்கலங்கள் சாகின்றன, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவார்களாம். விடை வர மூன்று வாரம். ஜூன் 27இல் துண்டு எடுத்தார்கள். இது ஆராய்ச்சி மட்டுமே, இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிவைக்கக் கூடாது என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார்.

நான் தள்ளிவைத்தேன்.

இருபத்தாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். விடை தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதே என்று பிள்ளைகளைக் கண்டித்தவன். டாக்டரிடம் போகாமல், திகதி கொடுக்கும் கவுண்டருக்குப் போய் மாற்றித் தரும்படி கேட்டேன். காரணம் எழுதும் கட்டத்தில் ‘குடும்ப விடயம்’ என்று எழுதினேன். நான் அறிந்து ஒரு படிவத்தில் எழுதிய முதல் பொய் அது. அடுத்த திகதி ஆகஸ்ட் 26 என்றார்கள். அக்காவிடம் கேட்டதற்கு, “தம்பி பாத்துச் சொன்னா சரிதான்” என்றார். பக்கத்து வீட்டு லெட்சுமி மட்டும், “வாத்தியாரு கணக்குப் பாத்துக்கிட்டே இருங்க, அது பாட்டுக்கு வளந்துக்கிட்டே இருக்கு” என்று முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அந்த வாரந்தான் நீ, “மாமா, நான் வரவா?” என்று கேட்டாய். ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே, பரிசோதனை முடிவு வரட்டும், பார்த்துத் தீர்மானிப்போம் என்றேன்.

முடிவு வரவில்லை. ஜூலை முடிந்தும் வரவில்லை. ஆகஸ்ட் 14ஆம் திகதி லீவு போட்டுவிட்டு ஆய்வுகூடத்துக்கு நேரில் போனேன்.

அங்கே பிரியந்தி என்றொரு பிள்ளை இருந்தாள், ராகலையைச் சேர்ந்தவள். பதிவேட்டைத் திருப்பி இரண்டு வரிகளைக் காட்டினாள். ஒன்றில் இராசம்மா என்ற பெயரில் வந்த கட்டித் துண்டு. அதற்குச் சம்மதப் படிவம் இல்லை. மற்றதில் மரியபுஷ்பம் என்ற பெயரில் வந்த சம்மதப் படிவம். அதற்குத் துண்டு இல்லை. சம்மதம் இல்லாத துண்டைத் தொடக் கூடாது என்பது விதி. உயிருள்ள கலங்கள் காத்திருப்பதில்லை. ஒரு வாரம் வைத்திருந்து அகற்றிவிட்டார்கள்.

உன் அம்மாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மரியபுஷ்பம் என்பது உனக்கே அடையாள அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். தோட்டத்தில் பேர் பதிந்த நாளிலிருந்து சம்பளப் பதிவான செக்ரோலிலும் கூப்பிடுவதிலும் அவர் இராசம்மாதான். தோட்ட ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரிலேயே கிளினிக்குக்குச் சீட்டு எழுதினார்கள். கிளினிக் புத்தகமும் அதே பெயரில் ஆனது. சம்மதப் படிவத்தை நிரப்பியவன் நான். ‘தேசிய அடையாள அட்டையில் உள்ளவாறு’ என்று அச்சடித்திருந்தது. அவ்வாறே எழுதினேன். கிளினிக் இலக்கத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. பிழையான பெயரில் உள்ள இலக்கத்தைச் சரியான பெயருக்குக் கீழே எழுதுவது முறையல்ல என்று அதை வெறுமையாக விட்டேன். புத்தகத்தைத் திருத்திய பிறகு எழுதலாம் என்று எண்ணினேன். திருத்தவுமில்லை, எழுதவுமில்லை.

பிரியந்தி என்னைக் கண்டிக்கவில்லை. “எங்க அம்மாவுக்கும் ரெண்டு பேருதான் சார். அதனாலதான் சந்தேகப்பட்டு மூணு தரம் போன் எடுத்தேன். அப்படி யாருமே இல்லேன்னு சொல்லிட்டாங்களே” என்றாள். படிவத்தில் நோயாளியின் தொலைபேசி இலக்கம் என்று கேட்டிருந்தது. என்னுடையதை எழுதியிருக்கலாம். விதிப்படி அக்காவுடையதை எழுதியிருந்தேன்.

அன்று மாலை தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய், யாராவது அழைத்தார்களா என்று அக்காவிடம் கேட்டேன். அப்போது அவரால் ஓரளவு பேச முடிந்தது. “ஆமா தம்பி, ஒரு புள்ள மூணு தரம் எடுத்துச்சு. மரியபுஷ்பம் இருக்காங்களான்னு கேட்டுச்சு. இந்த லயத்துல அப்படி ஆளு இல்லம்மா, மேல் லயத்துல விசாரிக்கிறேன்னு சொன்னேன். லெட்சுமிய அனுப்பிக் கேக்கவும் வச்சேன். அங்கயும் இல்லையாம். பாவம், யாருக்கு என்ன அவசரமோ” என்றார்.

நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26ஆம் திகதி டாக்டர் மீண்டும் சோதித்தார். கட்டி தாடை எலும்புக்குள் போய்விட்டது, கழுத்திலும் இறங்கியிருக்கிறது. முதலில் திட்டமிட்ட ஆறு வாரச் சிகிச்சைக்கு இனி இடமில்லை என்றார். வலியும் இரத்தப் போக்கும் குறைவதற்காகப் பத்து நாள் மட்டும் கதிர் கொடுத்தார்கள். நேற்றோடு அது முடிந்தது. தொலைபேசியில் உனக்கு, “கரண்டு வைக்கிறாங்க, சொகமாயிடும்” என்று லெட்சுமி சொன்னது இதைத்தான். அவள் அறியாமல் சொன்னாள். நான் அறிந்தும் பக்கத்தில் பேசாமல் நின்றேன்.

ஜூலை 8ஆம் திகதியே தொடங்கியிருந்தால் குணமாகியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது, அந்தப் பரிசோதனை நடந்திருந்தாலும் நிச்சயமாகச் சொல்லியிருக்காது என்றார். ஆறுதலாகச் சொன்னாரோ, உண்மையைச் சொன்னாரோ. ஏழு வாரம் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

நீ வரும்போது பதறாதிருக்கச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறப்பதில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். கஞ்சித் தண்ணீரும் பாலும் அதில்தான். இடது கன்னம் நன்றாக வீங்கியிருக்கிறது. வீக்கம் தொடங்கிய நாட்களில், “ஒரு பக்கம் மட்டும் பணக்காரி ஆயிட்டேன் பாரு” என்று சிரித்தார். இப்போது சிரித்தால் வலிக்கிறது என்பதால் லெட்சுமி அவரிடம் பகிடி பேசுவதை விட்டுவிட்டாள். என் வீட்டுக்கு அழைத்தேன், வர மறுத்துவிட்டார். பாடசாலை விட்டதும் நான் அங்கேதான் போகிறேன். மழை விடவில்லை, கூரைத் தகரத்தில் ஒழுகிய இடத்தை அடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

உன்னைக் கூப்பிடக் கூடாது என்பதே அவருடைய கட்டளை. போன வாரம் ஒரு கொப்பியில் எழுதிக் காட்டினார்: ‘அவ மெசின்ல இருக்கிறப்ப இத நெனச்சு அழுதா ஊசி கையில ஏறும். சொல்லாத தம்பி.’ இந்தக் கடிதத்தை எழுதுவதால் அவர் சொல்லையும் மீறுகிறேன். தம்பி சொன்னால் சரி என்று அவர் இருந்தார். அதன் பலனைப் பார்த்துவிட்டோம். இனிமேல் எந்த முடிவுக்கும் காத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

நீ என்மேல் கோபப்படுவாய். படவேண்டும். அக்காவிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீ வந்து சேரும் நாளுக்கு முன் சொல்லிவிடுவேன். அதுவரை தொலைபேசியில் இதைப் பேசாதே.

அவசர விடுமுறைக்கு டாக்டரின் கடிதம் இல்லாமல் உங்கள் நிர்வாகம் சம்மதிக்காது என்று ஜூட்சன் சொன்னார். கேட்டு வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காவின் இரண்டு பெயர்களும் அதில் உள்ளன. நான் பக்கத்தில் நின்று எழுதுவித்தேன். ஆங்கிலத்தில் ஐந்து வரிகள். நம் வீட்டுக்கு வந்த எந்த ஆங்கிலக் காகிதத்தையும் உங்களுக்குத் தமிழில் எழுதித் தராமல் நான் விட்டதில்லை. இதை எழுதவில்லை. நான்காவது வரியில் ஒரு காலக் கணக்கு இருக்கிறது. நீ அதில் நின்று படிக்க வேண்டாம் அம்மா. மடித்தது மடித்தபடியே நிர்வாகத்திடம் கொடு.

ஆண்டவர் உன் வழியைச் சுருக்கிக் கொண்டுவந்து சேர்ப்பாராக. மன்னிப்பதும் மன்னிக்காததும் பிறகு இருக்கட்டும். முதலில் வந்துவிடு.

உன் மாமா,
இராயப்பன்