மூன்று நாள் தள்ளிப்போட்ட உத்தரவு

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் இன்றுவரை காய்ச்சல் இல்லாமல் நலம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் இப்போது என் ஒரே வேண்டுதல். அப்பாவுக்கு நானே முடி வெட்டிவிட்டேன், வலப்பக்கம் மேடுபள்ளமாகிவிட்டது, மனிதர் கண்ணாடி பக்கமே போவதில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நகரச் சுகாதார அதிகாரி என்று என் மேஜையில் பலகை இருக்கிறதே, அதற்கு நான் தகுதியா என்று தெரியவில்லையம்மா. போன மாதம் தொற்று பரவத் தொடங்கியபோது காய்கறிச் சந்தையை மூடும் உத்தரவு தயார், என் கையெழுத்துதான் பாக்கி. வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்து, சரக்கெல்லாம் அழுகிப் போயிடும் மேடம், மூணே மூணு நாள் கொடுங்க என்று கெஞ்சினார். மனசு கேட்காமல் சரி என்றுவிட்டேன். அந்த மூன்று நாளும் சந்தை வாசலில் முகக்கவசம் கொடுக்க என் ஜீப் டிரைவரைத்தான் அனுப்பினேன். ஆளில்லாத ரோட்டிலும் ஹாரன் அடிப்பார் என்று நீ சிரிப்பாயே, அவரேதான். அவருக்கும் தொற்றி, இரண்டு வாரத்தில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டார். சந்தையிலிருந்து மட்டும் நூற்று நாற்பது பேருக்குப் பரவியிருந்தது.

நேற்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் படிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. மக்கள் ஒத்துழைக்காததால் பரவியது என்று எழுதியிருந்தார்கள். இரண்டு வரிதான் படித்தேன். தாளை மடித்து வைத்துவிட்டு, மக்கள் சொன்னபடிதான் நடந்தார்கள், மூடாமல் தள்ளிப்போட்டது நான் என்று சொல்லிவிட்டேன். வண்டியில் ஏறுவதற்குள் சுகாதாரத் துறை இயக்குநர் போனில் வந்து, யாரைக் கேட்டு இப்படிப் பேசினீங்க என்று கத்தினார். விசாரணை வைக்கிறார்கள், வேலை போனாலும் போகும்.

அங்கிருந்து நேரே டிரைவர் வீட்டுக்குப் போய் வாசலில் தள்ளி நின்றேன். அவர் மனைவி டிவியில் பார்த்திருந்தார். நீங்களாவது உள்ளதைச் சொன்னீங்க, ஆனா உள்ள வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை மேடம் என்றார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன், வேறென்ன செய்ய.

இன்று காலை மீன் சந்தையில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்று தெரிந்த அரைமணியில் மூடச் சொல்லிவிட்டேன். அதே சங்கத் தலைவர் வந்தார், ஷட்டரை இழுக்கக் கைகொடுத்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எந்தக் குறையும் அண்டாமல் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். என்னைத் திட்டி யாராவது எழுதியிருப்பதைப் பார்த்தால் சண்டைக்குப் போகாதே கண்ணு, அதில் பாதி உண்மை.

இப்படிக்கு,
உன் அம்மா