சூடாக்காத கதோட்டு

2025 மே 8
இன்று என் கணவர் றினோஸின் கடைக்குப் போனது என் பிழை. ஏலக்காய் வாங்க வந்தவர், "மிஸிஸ் என்ன ஆராய்ச்சி செய்றாங்க?" என்று கேட்டார். றினோஸ் நெஞ்சை நிமிர்த்தி, "இலத்திரன் உமிழ்வு" என்றார். வந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "துப்புறதா?" என்றார்.

முப்பத்தாறு வயதில் மாத்தளை டவுனில் எனக்குக் கிடைத்த பெயர் இது.

உண்மையில் விஷயம் எளிது. இலந்தனம் போரைட்டு என்று ஊதா நிறப் பொருள் ஒன்று. வெற்றிடத்தில் வைத்துத் தகதகவென்று ஒளிரும்வரை சூடாக்கினால் இலத்திரன்களை, அதாவது எலக்ட்ரோன்களை, வெளியே விடும். பெரிய இலத்திரன் நுணுக்குக்காட்டிகளுக்குள் இலத்திரனை விடும் முனையாக, கதோட்டாக, இருப்பது அதுதான். நான் அதில் சீரியம் என்ற உலோகத்தைக் கொஞ்சம் கலந்து, இன்னும் தாராளமாக விடுகிறதா என்று அளக்கிறேன். இதைக் கடையில் சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 20
விடுகிறது! மூன்று மடங்கு!

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வை மேற்பார்க்கும் சிவராசா சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வரைபைப் பார்த்தார். "பிள்ளை, பென்சன் எடுக்க முதல் இப்பிடி ஒண்டைப் பாப்பன் எண்டு நான் நினைக்கேல்லை." ஜப்பான் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வரும் மாத்தளை ரயிலில் யாரிடமாவது சொல்லத் துடித்தேன். பக்கத்தில் இருந்தவர் குறட்டை.

மே 29
மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். றினோஸின் உம்மா, என் மாமி, தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் தடுக்கவில்லை. ஏன் தடுக்க வேண்டும்?

ஜூன் 3
அளவுகள் பிரமாதமாக வந்தன. எல்லாவற்றையும் எழுதிய பிறகுதான் கருவியின் கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளே இருட்டு. ஹீட்டர் சுவிட்சையே நான் போடவில்லை.

சூடில்லாமலே இலத்திரன் விடும் கதோட்டு! நோபல் பரிசு வாங்க எந்தச் சாரி கட்டுவது என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன். பிறகு கருவியைத் திறந்து கதோட்டின் தாங்கியைப் பார்த்தேன்.

ஒவ்வொரு தடவை சூடாக்கும்போதும் கதோட்டிலிருந்து ஆவியாகிப் போனது பீங்கான் தாங்கியில் கறுப்பாகப் படிந்திருக்கிறது. நான் இலத்திரன் என்று அளந்த மின்சாரம் அந்தப் படிவு வழியாக ஓடியிருக்கிறது. என் மூன்று மடங்கில் இரண்டு மடங்கு அழுக்கு.

ஜூன் 4
சேருக்குச் சொல்லவில்லை. யாருக்குத் தெரியப் போகுது? ஜப்பான்காரனா இங்க வந்து சுவிட்சைப் பாக்கப் போறான்? — ச்சீ. என்ன புத்தி இது எனக்கு?

ஜூன் 5
சொன்னேன். ஹீட்டரைப் போடாமல் அவர் முன்னாலேயே அளந்து காட்டினேன்.

"அப்ப இவ்வளவு நாளும் அழுக்கையோ அளந்தனாங்கள்?"

"ஓம் சேர்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சூடாக்க முதல் ஒருக்கா அளக்கச் சொல்லி நானெல்லோ சொல்லியிருக்க வேணும்" என்றார். ஆய்வை மீளப் பெறுகிறோம் என்று மாநாட்டுக்கு மெயில் எழுதினேன். தட்டும்போது அழுகை வந்துவிட்டது. சேர் வெளியே மழையைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றார். மழை பெய்யவில்லை.

ஜூன் 7, ஹஜ்ஜுப் பெருநாள்
வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "ஜப்பானுக்கு எப்ப பயணம்?" வட்டிலப்பத்தால் வாயை அடைத்துக்கொண்டேன். மாமி எனக்குச் சுவெட்டர் பின்னிக் கொடுக்க ஆள் பார்க்கிறார். றினோஸுக்குத் தெரியும். மாமியிடம் சொல்லிவிடுங்கள் என்றால், "உம்மாக்கு நீயே செல்லு" என்று கழன்றுவிட்டார்.

ஜூன் 8
மாமியிடம் சொன்னேன். தஸ்பீஹ் மணி உருட்டிய கை நின்றது.

"பிழைய யாரு கண்டது?"

"நான்தான் மாமி."

"சேருக்குத் தெரியாதா?"

"நான் சொல்லும்வரைக்கும் தெரியாது."

"ஜப்பான்காரங்களுக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது."

"ம்" என்றார். அவ்வளவுதான். கோபமா, வெட்கமா? முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை.

ஜூலை 3
பீங்கானை மாற்றினோம். முதலில் சூடாக்காமல் அளந்தோம் — பூச்சியம். பிறகு சூடாக்கினோம். சீரியம் கலந்ததும் கலக்காததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உலகத்தில் எல்லாருக்கும் வரும் எண் எனக்கும் வந்துவிட்டது. "இது சரியான எண், பிள்ளை. இதையே எழுதும்" என்றார் சேர். இவ்வளவு சாதாரணமான ஒரு எண்ணைப் பார்த்து யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன்.

ஜூலை 5
பக்கத்து வீட்டு ஜுனைதா மாமி வந்திருந்தார். "மருமகள் ஜப்பான் போகல்லயா?" என்றார். குசினியில் கேத்தல் சத்தம் போடாதபடி அடுப்பை அணைத்தேன்.

"இல்ல. அந்த ஆராய்ச்சில ஒரு பிழை ஈந்திச்சி. ப்ரொபசருக்கும் புடிபடல்ல, ஜப்பான்காரனுக்கும் புடிபடல்ல. எங்கட மருமகள்தான் கண்டுபுடிச்சா" என்றார் என் மாமி.

அந்தப் பிழையைச் செய்ததும் உங்கட மருமகள்தான் என்று திருத்த வாயெடுத்தேன். பிறகு தேத்தண்ணியை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.