மீசைப் பாட்டைத் திரும்பப் போடு

உத்திரமேரூர்
10.2.2008

அன்பு மகன் வினோத்துக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் வலது கையும் தங்கச்சி காவியாவின் நெற்றியும் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். புனேவில் உன் உடம்பும் புது வேலையும் எப்படி என்று எழுது, ஆனால் முதலில் நான் சொல்வதை உட்கார்ந்து படி. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியை விட்டுப் போனபோது புனேவில் நைட் ஷிப்ட் இல்லை, பாட்டு ரெக்கார்டு பண்ண நேரம் கிடைக்கும் என்றாய். இப்போது அந்த வேலையையும் விட்டுவிட்டு வருகிறேன், முத்துவேல் மகன் கையை வெட்டாமல் விடமாட்டேன் என்று தங்கச்சியிடம் போனில் சொன்னாயாம். அவள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் அரையும் குறையுமாகச் சொல்லியிருப்பாள், நான் முழுசாகச் சொல்கிறேன். தீபாவளிக்கு வந்தபோது நான் நடவுப் பாட்டுப் பாட, அப்பா அண்டாவைக் கவிழ்த்துத் தட்ட, நீ கம்ப்யூட்டரில் பிடித்து உன் பிளாக்கில் போட்டாயே, அதில் வந்த வினைதான் எல்லாம். மீசைக்கு மை பூசி வரான் முத்துவேலு, கூழுக்குத் தண்ணி ஊத்தி வரான் முத்துவேலு என்று வருஷா வருஷம் அவர் நிலத்தில் அவர் முகத்துக்கு எதிரே பாடுவதுதான். அவரும் வரப்பில் நின்று கேட்டுச் சிரிப்பார், மீசையைத் தடவிக்கொள்வார். காலைக் கழுவிக்கொண்டு கரையேறினால் அந்த ஏச்சு அங்கேயே முடிந்தது, வீட்டுக்கு யாரும் எடுத்துப்போவதில்லை. நீ ஊர்ப் பெயர், அவர் பெயர், கீழே விளக்கம் எல்லாம் தட்டி ஏற்றிவிட்டாய். முகம் தெரியாத ஜனங்கள் கமெண்ட்டில் வந்து மை எந்தக் கடையில் வாங்கினார் என்று கேட்டிருக்கிறார்கள். மெட்ராஸில் இருக்கும் அவருடைய சின்ன மகன் ஆபீஸில் அதைக் கேட்டுவிட்டு, செல்லில் ஏற்றிக்கொண்டு வந்து அண்ணனுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான்.

போன வாரம் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் இரண்டு பேரும் சவுக்குக் கட்டையோடு வந்தார்கள். இன்னாடா தண்டபாணி, எங்க நைனா மீசைய வெச்சி ஒலகத்துக்கே கச்சேரி பண்ணிக்கினு கீறியா என்று கேட்டான் பெரியவன். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த அப்பா எழுந்திருப்பதற்குள் முதல் அடி முதுகில் விழுந்தது. அடுத்ததைத் தலைக்கு ஓங்கினான், அப்பா கையைக் குறுக்கே கொடுத்தார், எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. சின்னவன் உள்ளே புகுந்து அண்டாவை நசுக்கினான், தடுக்கப் போன காவியாவை முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், அவள் நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். நான் உலக்கையை எடுத்து அவன் முட்டியில் போட்டேன். அலறிக்கொண்டு விழுந்தவன் மேல் இன்னொன்றும் போட்டேன், அதற்கு எனக்கு வருத்தமில்லை. பக்கத்து வீட்டு எல்லம்மாள் ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்திருக்காவிட்டால் மூன்றாவது அவன் மண்டையில்தான், இந்த லெட்டரை வேலூர் ஜெயிலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். அந்த வெறி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நீ அதை எடுத்துக்கொண்டு ரயிலேறாதே. அப்பாவுக்கு மாவுக்கட்டு, காவியாவுக்குத் தையல். இரண்டு பக்கமும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

நேற்று முத்துவேல் நிலத்தில் நடவு. போகாதே என்று அப்பா தடுத்தார், நான் போனேன். கூலிக்காக இல்லை, அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்கட்டும் என்று போனேன். இன்றைக்கு யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்று எல்லம்மாளிடம் சொன்னேன், அவள் மற்ற பெண்களிடமும் சொல்லிவிட்டாள். பாட்டில்லாமல் நட்டால் பயிர் பால் பிடிக்காது என்று நம் பக்கத்தில் ஒரு பயம் உண்டே, அவர் உச்சிவேளை வரைக்கும் வரப்பில் இப்படியும் அப்படியும் நடந்தார். இன்னாம்மா எழவு வூடு கணக்கா கீது, ஒரு பாட்டு எடுத்து உடுங்களேன் என்றார். எழவு வூட்லனா ஒப்பாரியாவது கீது நைனா, இங்க பாடினா உம்புள்ளைங்க கட்டை எடுத்துக்கினு வராங்க என்று எல்லம்மாள் குனிந்தபடியே சொன்னாள். அப்புறம் அவர் என் பக்கம் வந்து, அம்சா, என்னியே திட்டிப் பாடு, வெறும் வாயால நடாத என்று கேட்டார். மை பூசாமல் மீசை பாதி வெளுத்திருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வாயைத் திறக்காமல் நட்டு முடித்துக் கரையேறினோம்.

நீ என்ன செய்தாய்? சேதி கேட்டதும் பிளாக்கிலிருந்து பாட்டை எடுத்துவிட்டாய், காவியா பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பாட்டை எடுத்துவிட்டுக் கத்தியை எடுக்கிறேன் என்கிறாய், இது என்ன கணக்கு? அந்தப் பாட்டு இல்லையென்றால் அப்பா கை எதற்கு உடைந்தது? டெம்ப்ளேட் மாற்றினேன், எழுத்து சரியாக வரவில்லை என்று தினமும் அந்தப் பிளாக்கோடு மல்லுக்கட்டுகிறாயே, அதில் மல்லுக்கட்டு. கத்தியோடு வந்தால் இந்த வீட்டில் உனக்குச் சோறு கிடையாது. அப்பாவைக் கேட்டேன், இடது கையால தட்டிப் பழகிக்கினு கீறேன்னு எழுது என்றார்.

வேளைக்குச் சாப்பிடு, வேலையை விடாதே, எல்லையம்மன் உன் கூடவே இருப்பாள். பாட்டைத் திரும்பப் போடும்போது ஒன்றை மட்டும் மறக்காதே. போன முறை முத்துவேல் பெயர் போட்டாய், ஊர்ப் பெயர் போட்டாய், மைக் எந்தக் கம்பெனி என்றுகூடப் போட்டாய். பாடியது என் அம்மா என்று மட்டும் எழுதியிருந்தாயாம். இந்த முறை என் பெயரைப் போடு.

இப்படிக்கு
உன் அம்மா
த. அம்சா