வேலியை நிறுத்திய பிறகு எடுத்த படம்

வெஸ்ட்ரே தீவு,
வியாழக்கிழமை

அன்புள்ள இங்கா,

நாங்கள் இருவரும் நலம், இதை அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வெலிங்டனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

அம்மாவின் மூளை ஸ்கேன் முடிந்தது. இந்தத் தடவை அம்மா அபர்டீனுக்கு விமானம் ஏறவில்லை, கருவியே வேனில் ஏறிப் படகில் வந்து நம் வாசலில் நின்றது. சாதாரண பிளக் போதும் என்றாள் அதைக் கொண்டுவந்த கத்ரியோனா. மாட்டுக்கொட்டகைச் சுவரில் இருப்பதைக் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகத்தான். மூளையில் புதுப் புள்ளி இருந்தால் இப்போதைய மருந்து எம்.எஸ். என்ற அந்த நரம்பு நோயைத் தடுக்கவில்லை என்று அர்த்தம், அப்படியானால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று நீ வேறு மிரட்டியிருக்கிறாய். திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

படம் முழுக்கக் கோடுகள். சம இடைவெளியில். கத்ரியோனா மறுபடி எடுத்தாள், அதே கோடுகள். வியாதி இப்படியும் வருமோ என்று நினைத்தேன். டீசல் கேனைத் திருப்பித் தர வந்த பக்கத்துப் பண்ணை மான்சிதான் கொட்டகைக்குள் டிக் டிக் என்று கேட்பதைக் கவனித்தான். ஏண்டா எட்வின், மாட்டுக்குப் போட்ட வேலி பத்தாதுன்னு பொண்டாட்டி தலைக்குள்ளயும் போட்டுட்டியாடா என்றான். மின்வேலிப் பெட்டி அதே சுவரில், பக்கத்துப் பிளக்கில். நொடிக்கு ஒரு மின் துடிப்பு, அதுதான் படத்தில் கோடாக விழுந்திருக்கிறது. பழகிப்போய் அது என் காதில் விழுவதே இல்லை. நிறுத்தினேன். மூன்றாவது படம் சுத்தம். வேலி செத்தது கன்றுகளுக்கு எப்படித் தெரிந்ததோ, அதற்குள் பார்லி வயலுக்குள் இறங்கிவிட்டன. நானும் மான்சியும் கத்திக்கொண்டு ஓடியது கேட்டு அம்மா படுத்தபடியே சிரித்தாளாம், தலைய ஆட்டாதீங்கம்மா என்று கத்ரியோனா கெஞ்சினாளாம்.

நேற்று டாக்டர் போன் செய்தார். ஒரு புதுப் புள்ளி. சின்னது. மருந்தை மாற்ற வேண்டும், மாதம் ஒரு முறை கர்க்வால் ஆஸ்பத்திரிக்குப் படகில் போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். போனை வைத்துவிட்டு அம்மா சொன்னது இவ்வளவுதான், நீ வேலிய நிறுத்தாமலே விட்டிருக்கலாம்பா. பிறகு, இங்காவுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிடு என்றாள். அப்படி எழுத என்னால் முடியவில்லை. அம்மாவுக்கு இடது கால் படியில் மட்டும் இழுக்கிறது, மற்றபடி போன மாதம் போலத்தான். வேலையை விடாதே. விடுமுறைக்கு வா.

ஒட்டுவதற்கு முன், இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். கிழிக்கவில்லை. பார்லி கால் ஏக்கர் போச்சுன்னு எழுதல பாரு, உன் தப்ப மட்டும் சின்னதாக்கிட்ட என்றாள். கால் ஏக்கர் போய்விட்டது, இங்கா.

அங்கே இப்போது குளிர், கழுத்தை மூடிக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் இரு. ஞாயிறு கூப்பிட மறக்காதே, அம்மாதான் எடுப்பாள். அவளிடமே கேள்.

அன்புடன்,
அப்பா