மழை பெய்தால் மீன் பாதி

ஆஸ்பத்திரி ஜன்னலோரம் படுத்திருக்கும் என்னவருக்கு,

பதில் எழுத அவசரமில்லை. வலது கை முதலில் பந்தைப் பிடித்துப் பழகட்டும்.

நம் பெந்தோ சாப்பாட்டுப் பெட்டிக் கடையில் தினமும் எதை எவ்வளவு சமைப்பது என்று சொல்ல நீங்கள் கணினியில் எழுதிய பைத்தான் நிரலைப் போன வாரம்தான் திறந்து படித்தேன். மழை பெய்தால் பொரித்த மீன் பாதி. பள்ளியில் விளையாட்டு விழா என்றால் கோழி இரண்டு மடங்கு. எல்லாம் விடியற்காலையில் அரிசி களைந்தபடி நான் முணுமுணுத்தவை! செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த நீங்கள் இத்தனையும் கேட்டுக்கொண்டா இருந்தீர்கள்?

நானும் ஒரு நிபந்தனை சேர்த்தேன். நிரல் நின்றுவிட்டது. மீன்கடை ஒரியே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, வீட்டுக்காரர் இல்லேன்னதும் பொட்டி முறைச்சுக்கிச்சா?"

"முறைக்கட்டும்டி. அவரையே சமாளிச்சவ நான்."

கடைசியில் தவறைப் பிடித்துவிட்டேன். விசைப்பலகையை ஜப்பானிய எழுத்திலேயே வைத்துக்கொண்டு வரியின் தொடக்கத்தில் இடைவெளி விட்டிருக்கிறேன். அந்த அகல இடைவெளி நம் கண்ணுக்கு வெறும் வெள்ளை, பைத்தானுக்கு ஆகாது. ஆங்கிலத்துக்கு மாற்றித் தட்டியதும் ஓடியது. இப்பேர்ப்பட்ட முசுடோடு நீங்கள் ஒருநாளும் கத்தியதில்லையே!

நான் சேர்த்தது இதுதான்: அவர் வீட்டில் இருந்தால், மிசோ சூப்பில் உப்பு பாதி. காலையில் நிரல் மழையா என்று கேட்டதும், அவர் இருக்கிறாரா என்றும் கேட்கிறது. 'இல்லை' என்று தட்டுகிறேன். அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறது. அழித்துவிடச் சொல்கிறாள் ஒரியே.

அழிக்க மாட்டேன். பதிலை நீங்களே வந்து தட்டுங்கள்.

உங்கள் முணுமுணுப்புக்காரி