டாக்சியின் கூரையில் ஒட்டியிருந்த டேப்

பாய்,

டப்பாவைத் திறந்தேன், நீர் வந்து என் மூக்கில் உட்கார்ந்துகொண்டீர்.

பிஸ்கட் வந்த பழைய தகர டப்பாதான். உள்ளே இப்போது ஒன்றும் இல்லை. இருந்ததை உம்ம வீட்டம்மா வெள்ளிக்கிழமை அம்பர்நாத்துக்கு, மகன் வீட்டுக்கு, எடுத்துப் போய்விட்டாள். ஆனால் தின்னர் வாடையும் அதற்கு அடியில் எனாமல் பெயிண்டின் எண்ணெய் வாடையும் போகவில்லை. மூடினேன். மறுபடி திறந்தேன். காலையிலிருந்து இதே சோலிதான். நடுவில் கம்ப்ரசரைப் போட்டு ஒரே ஒரு பிளாஸ்டிக் கரண்டிக்கு மஞ்சள் அடித்துவிட்டு நிறுத்தினேன். எதற்கென்று பிறகு சொல்கிறேன். தொண்ணூறடி ரோடு வரை டீ குடிக்கப் போய், குடிக்காமலே திரும்பி வந்தேன். கால் நிற்கவில்லை. சரி, கைக்காவது வேலை கொடுப்போம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறான் என்று சிரிக்காதீர். நான் நின்ற அன்றைக்கு ஹெட்மாஸ்டரே நம் சந்துக்குள் வந்து, இந்தப் பையனை மட்டும் அனுப்புங்கள் என்று என் அப்பா காலில் விழுந்தார். சரி, பாதி. காலில் விழவில்லை. சந்துக்குள் வந்தார்.

பார்த்தீரா, நீர் இல்லாமலே குறைக்கிறேன். நான் எதைச் சொன்னாலும் நீர் கையிலிருக்கும் டேப்பிலிருந்து கண்ணை எடுக்க மாட்டீர். "பாதியாக் குறையும் வே" என்பீர், அவ்வளவுதான். தாராவியில் என் பேச்சைப் பாதியாக்கத் தெரிந்த ஒரே ஆள் நீர். மற்றவர்கள் ஒன்று முழுசாக நம்பிவிடுகிறார்கள், இல்லையென்றால் எழுந்து போய்விடுகிறார்கள்.

நான் பெரிய வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவன். உம்ம டாக்சி வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. சோதனைக்கு, பாசிங்குக்கு, முன்னால் என் கைக்குத்தான் வரும். கீழே கறுப்பு, கூரை மஞ்சள். வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி ஓடக் கூடாது என்று சட்டம் சொல்லி அதைக் கழித்துக்கட்டிய பிறகு, உமக்குப் போக்கிடம் இல்லாமல் என் பட்டறைப் பரணில் ஏறி உட்கார்ந்தீர். அந்தச் சமயத்தில்தான் மாட்டுங்காவில் இருந்து ஒரு சார், வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பொம்மைக் காரைக் கொண்டுவந்து, தன் மாமனாருடைய கார் இருந்த மாதிரியே இரண்டு கலரில் வேண்டும் என்றார். பெரிய வண்டி அடிப்பவனுக்கு இது என்ன என்று வாங்கிவிட்டேன். பழைய பிரிட்ஜிலிருந்து கம்ப்ரசரைப் பிடுங்கி, பெயிண்டைக் காற்றோடு தூவுகிற, பேனா மாதிரி இருக்கிற ஏர்பிரஷ்ஷை வாங்கி மாட்டினேன். பம்பாய் முழுக்க அந்தப் பேனாவை என்னை மாதிரிப் பிடிக்க ஆள் கிடையாது. ஒரு தடவை அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்த கொசுவுக்கு ஒரு இறக்கையில் மட்டும் சிவப்புப் பூசி அனுப்பினேன்.

"அந்தக் கொசு இப்ப எங்கவே?"

"மாட்டுங்கா பக்கம் போயிருக்கும் பாய்."

"பாதியாக் குறையும்."

பாதி என்றால், கொசு இருந்தது.

நான் அடிப்பேன், நீர் ஒட்டுவீர், காய வைப்பீர். அதுதான் நம் ஏற்பாடு. ஒரு கலர் காய்ந்ததும் அது தெரிய வேண்டிய இடத்தை டேப்பால் மூடி, அடுத்த கலரை அடித்து, டேப்பை உரிக்க வேண்டும். கேட்க லேசாக இருக்கும். நீர் டேப்பின் ஓரத்தைக்கூட நம்ப மாட்டீர். ரோலில் இருந்து வருகிற ஓரத்தில் தூசி இருக்கும் என்று கண்ணாடித் துண்டில் ஒட்டி, புது பிளேடால் அந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய பக்கத்தைத்தான் காரில் வைப்பீர். பல்குத்தும் குச்சியால் ஓரம் முழுக்க அழுத்திக்கொண்டே போவீர். நான் பக்கத்தில் நின்று ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருப்பேன்.

என் விரல்தான் உமக்கு எதிரி. காய்ந்துவிட்டதா என்று பார்க்க நான் தொடாத கார் இல்லை. தொட்ட இடத்தில் என் ரேகை. அதற்குத்தான் அந்தக் கரண்டியைக் கண்டுபிடித்தீர். ஒவ்வொரு காரோடும் ஒரு பிளாஸ்டிக் கரண்டிக்கு அதே பெயிண்டை, அதே நேரத்தில் அடிக்கச் சொல்லி, அதை என் கையில் கொடுப்பீர்.

"இந்தாரும், உமக்கு வண்டி இதுதான். இஷ்டத்துக்குத் தொடும்."

நீர் காரை எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பீர். தொட மாட்டீர். "வாசம் போனாத்தான் வே சோலி முடிஞ்சுது" என்பீர். மழைக்காலத்தில், கும்பார்வாடா குயவர் சூளைப் புகையும் ஈரமும் சேர்ந்துகொண்டால் பெயிண்ட் மேலே வெள்ளை பூத்துவிடும் என்று, மீன்காரியிடம் ஒரு தெர்மகோல் பெட்டி வாங்கி அதற்குள் குண்டு பல்பை மாட்டிக் காய வைத்தீர். பெட்டியை எவ்வளவு கழுவியும் என்ன. மாட்டுங்கா சார் தன் மாமனார் காரை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மூக்கு சுருங்கியது.

"என்னய்யா இது, கார்லே மீன் வாடை வர்றதே?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீர் சொன்னீர்: "கடக்கரை ரோட்டுல ஓடுன வண்டின்னு சொன்னியளே சார்."

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த காரும் நமக்கே வந்தது. அந்தப் பதிலைச் சொன்னது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நீர் இருக்கும்போதே சொன்னேன். நீர் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினீர். இப்போது சொன்னால் அந்தக் கதை பாதிகூட இனிக்கவில்லை.

உரிக்கிற வேலையை மட்டும் எனக்கு நீர் தந்ததே இல்லை. பெயிண்ட் அடிக்கிற எவனுக்கும் அதுதானே தித்திப்பு. டேப் விலகும்போது கீழே இருந்து கோடு வரும், கத்தியால் கீறிய மாதிரி. "இந்த ஒருக்கா நான் உரிக்கேன் பாய்" என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன். "உம்ம கைக்கு எப்பவும் ரயிலப் பிடிக்கணும்வே. இது ரயில் இல்ல" என்று முதுகைத் திருப்பிக்கொள்வீர்.

அப்புறம் ஏணி ஏற முடியவில்லை என்றீர். இடுப்பு வலி என்றீர். வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டிலில் சாய்ந்தபடி என்னையே பேசவிட்டு, பாதி, பாதி என்று குறைத்துக்கொண்டிருந்தீர். நானும் இடுப்பு வலிதான் என்று நம்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு கபர்ஸ்தானில் என் கையாலும் மண் தள்ளினேன். எல்லாம் சடசடவென்று முடிந்தது. அவசரப்படாத மனுஷன் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி அவசரப்பட்டீர்.

வீட்டைக் காலி செய்கிறோம் என்று உம்ம வீட்டம்மா, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், கூப்பிட்டு விட்டாள். போனேன். இந்தப் பிஸ்கட் டப்பாவை நீட்டினாள்.

"அவுக டாக்சி அண்ணாச்சி. பொம்மை டாக்சி. எனக்குன்னு செஞ்சாவ. டேப்ப மட்டும் நீங்கதான் உரிக்கணும்னு சொல்லிட்டுப் போனாவ."

திறந்து பார்த்தேன். உம்ம வண்டியேதான். உடம்பு கறுப்பு பளபளவென்று இருக்கிறது. கூரை முழுக்க டேப். மஞ்சளை முதலில் அடித்து, காய வைத்து, அதை மூடிவிட்டுக் கறுப்பு அடித்திருக்கிறீர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கம்ப்ரசர் இல்லாம எப்படிம்மா அடிச்சாரு?"

"கட்டிலுக்கு அடியில ஸ்டெப்னி கெடக்குல்லா, அதுக்குப் பங்க்சர் கடையில காத்து நெறச்சு, குழாய மாட்டி அடிச்சாவ. அறை முழுக்க வாடை. சன்னலத் தொறந்து போடுன்னா, தூசி வரும், மூடுங்காவ."

பட்டறையில் காணாமல் போன பழைய ஏர்பிரஷ் எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது. டாக்சியைக் கழித்துக்கட்டியபோது அந்த ஒரு டயரை மட்டும் ஏன் வீட்டுக்கு உருட்டி வந்தீர் என்று நான் கேலி செய்திருக்கிறேன். அதன் காற்றில்தான் கடைசி வண்டிக்குப் பெயிண்ட் ஏறியிருக்கிறது. இதை மாட்டுங்கா சாரிடம் சொன்னேன், முழுசாக நம்பினார். குறைக்க ஒன்றுமில்லாத கதை என் வாழ்க்கையில் இது ஒன்றுதான் போல.

டப்பாவைக் கொண்டுவந்துவிட்டேன். உரிக்கவில்லை. கறுப்பு அடித்த அன்றே, அது இறுகுவதற்கு முன் எடுத்திருக்க வேண்டிய டேப். ஆஸ்பத்திரி குறுக்கே வந்துவிட்டது. இப்போது பசை மஞ்சளைக் கடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் கூரை கையோடு வரும். இழுக்காவிட்டால் தங்கச்சி அவள் வண்டியை டேப்போடு கொண்டுபோக வேண்டும். மறுபடி அடித்துக் கொடுக்கலாம். ஆனால் அது என் டாக்சியாகிவிடும், உம்முடையது இல்லை. இந்தக் கை, எதையும் தொட்டுப் பார்க்காமல் இருக்காத கை, டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர டேப்பில் நகம் வைக்கவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து டெம்போ வந்து நின்றது. சாமானெல்லாம் ஏறிவிட்டது. டப்பாவோடு போய், காலியான அறையில் தரையில் உட்கார்ந்தேன். தங்கச்சி எதிரே உட்கார்ந்தாள். உம்ம மகன் வாசலில் நின்று, "மாமா, ஜல்தி. டெம்போக்காரன் கத்துறான்" என்றான்.

"இது ரயில் இல்லடா" என்றேன். சொன்ன பிறகுதான் யாருடைய பேச்சு என்று உறைத்தது.

கையோடு கொண்டுபோயிருந்த, தலைமுடி காய வைக்கிற மிஷினைத் தூரத்தில் பிடித்து டேப்பைக் கொஞ்சம் சூடாக்கினேன். மூலையைக் கிளப்பினேன். மேலே தூக்காமல், டேப்பை அதன் மேலேயே மடித்து, பைய, பைய, நீர் இழுப்பதைப் போல இழுத்தேன். கோடு வந்தது, பாய். மஞ்சளும் கறுப்பும் சேருகிற இடத்தில் முடி அளவு பிசகில்லை. நீர் டப்பாவைக் காற்று புகாமல் மூடி வைத்ததால் பெயிண்ட் இன்னும் முழுக்க இறுகாமல் இருந்திருக்கிறது. என் விரலுக்குப் பயந்துதான் மூடினீரோ என்னவோ, அதுவே காப்பாற்றியது.

கடைசித் துண்டு விலகியதும் கூரையின் நடுவில் அது இருந்தது. கட்டைவிரல் ரேகை. ஈரப் பெயிண்டில் அழுத்திய ரேகை.

தங்கச்சி முகம் மாறியது. "அண்ணாச்சி, தொட்டுட்டியளா?"

மகன் எட்டிப் பார்த்தான். "மாமா கைதான், வேற யாரு."

எனக்கே ஒரு நொடி சந்தேகம். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். ரேகைக்குக் குறுக்கே வெறும் கோடு ஒன்று. டிக்கி மூடியில் நசுங்கி, தையல் போட்டு ஆறிய உம்ம இடது கட்டைவிரலின் தழும்பு. மஞ்சள் காய்கிறதற்கு முன்னால் நீர் தொட்டுப் பார்த்திருக்கிறீர். நீர், பாய். தொட்டுவிட்டு அதன் மேலேயே டேப்பை ஒட்டியிருக்கிறீர்.

தழும்பைத் தங்கச்சிக்குக் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். "நான் பாலிஷ் போட்டு இப்பவே எடுத்துருதேன் தங்கச்சி, தெரியவே தெரியாது" என்றேன்.

"கை வைக்காதிய அண்ணாச்சி."

காரை வாங்கிக்கொண்டாள். தொட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். புது அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து, மூடாமல், மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் ஏறினாள். டப்பா என் கையில் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. ஏன் தொட்டீர்? நாள் இல்லை என்று உமக்குத் தெரிந்துவிட்டதா? இடுப்பு வலி என்று என்னிடம் சொன்னதில் எத்தனை பாதி? டேப்பை நான் உரிக்க வேண்டும் என்று சொன்னது என்னை நம்பியா, இல்லை அந்த ரேகையை முதலில் நான் பார்க்க வேண்டும் என்றா? நடந்துகொண்டே கேட்கிறேன். சந்தில் எதிரே வருகிறவன் என்னைப் பார்த்து ஒதுங்குகிறான்.

டப்பாவில் கரண்டி இல்லை. அதை இன்று காலையில்தான் கவனித்தேன். அந்த அறையில் நீர் தனியாக அடித்தீர். கரண்டிக்கு அடிக்கச் சொல்ல அவசரக்காரன் ஒருவன் பக்கத்தில் இல்லை. நான் இருந்திருந்தால் கரண்டி இருந்திருக்கும், உமக்கும் வண்டியைத் தொட வேண்டி வந்திருக்காது. பம்பாயில் இந்தத் தொழிலுக்கு நான் எவ்வளவு முக்கியம் என்று இத்தனை காலமும் நான் சொன்னதெல்லாம் பொய்யில்லை, பார்த்தீரா.

அதனால்தான் காலையில் எழுந்ததும் அந்தக் கரண்டிக்கு மஞ்சள் அடித்தேன். உம்ம கூரையின் மஞ்சள். பல்புக்குக் கீழே தொங்குகிறது. எழுந்து எழுந்து போய் மோந்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். வாசம் இன்னும் இருக்கிறது. விரல் துடிக்கிறது, அதை மடக்கி வைத்திருக்கிறேன்.

காலையிலிருந்து தொடவில்லை, பாய். இதைப் பாதியாகக் குறைக்காதீர்.