வழிமொழிய ஆளில்லை

ரெய்னர்ஸ் லேன், லண்டன்
2 மார்ச் 2025

அன்பு மகள் அனோஜினிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் தெரியாததுதான் குறை. போனில் ஒன்றும் பேச வேண்டாம், யாரோ கேட்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா மீன்குழம்பைப் பற்றிக்கூட மெதுவாகத்தான் பேசுகிறார்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், அதனால் உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறவர்களுக்கும் தஞ்சம் கேட்டு வந்தவர்களுக்கும் காசு வாங்காமல் வழக்குப் பேசுகிற உங்கள் அலுவலகத்தை, வெளிநாட்டு நன்கொடையைச் சாட்டாக வைத்து நீ இருக்கிற நாட்டு அரசாங்கம் பூட்டப் பார்க்கிறது. ஐரோப்பா முழுக்கச் சங்கங்கள் எதிர்த்துக் கையெழுத்து வைக்கின்றன. லண்டனில் நாங்கள் நடத்துகிற எங்கள் ஊர்ச் சங்கமும் வைக்க வேண்டும். சரிதானே?

பிள்ளை, நீங்கள் அரசாங்கமும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை, கோயிலும் இல்லை. பிறகு யார்? பூட்டினால் பூட்டட்டும், வீட்டுக்கு வா. உன் அறையில் இருக்கிற அரிசி மூட்டைகளை எடுத்துவிடுகிறேன்.

அன்புடன் அப்பா,
பெனடிக்ற்

டான்யூப் கரை
14 மார்ச் 2025

அன்பு அப்பா,

மூட்டைகள் அங்கேயே இருக்கட்டும்.

நேற்று ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் வீட்டுக்காரர் குளிரில் வெளியே விட்டுப் பூட்டைப் போட்டார். போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. சட்டத்தைக் காட்டி அந்தப் பூட்டைத் திறக்கச் சொன்னவர்கள்தான் நாங்கள்.

கையெழுத்துக்கு ஏப்ரல் 10 கடைசி. நீங்கள் கூட்டத்தில் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேளாமல் விட்டால், கேட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

அனோ

லண்டன்
7 ஏப்ரல் 2025

அன்பு மகளே,

கேட்டேன்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவர் சூசைதாசன் அண்ணையைத் தலைவராக முன்மொழிவார், நான் வழிமொழிவேன், ஏகமனதாகத் தெரிவு, பிறகு மட்டன் ரோல். அந்த ஒரு வேலைக்காகவே என்னை முன்வரிசையில் இருத்துவார்கள். நேற்று முதல்முறையாக நான் முன்மொழிந்தேன், உன் கையெழுத்துத் தீர்மானத்தை. எழும்பியதும் பழக்கத்தில் கையைப் பின்னால் கட்டினேன். எழுதிக்கொண்டுபோன பேப்பரும் பின்னால் போய்விட்டது.

"பெனடிக்ற், எங்களுக்கு ஏன் உந்த அரசியல்?" என்றார் அண்ணை.

"அண்ணை, நாங்கள் அகதி விசாவுக்குக் குரோய்டனில வரிசையில நிக்கேக்க எங்களுக்காகக் கதைச்சது ஆர்? அவையும் ஒரு சங்கக்காரர்தானே."

"அவை வெள்ளைக்காரர். அவைக்கு நேரமிருக்கு. சரி, இதை வழிமொழிய ஆர் இருக்கினம்?"

ஒருவரும் இல்லை. போன முறை அண்ணையை முன்மொழிந்த றொஷான் தன் சப்பாத்தைப் பார்த்தான். குசினியிலிருந்து அம்மா ரோல் தட்டோடு வந்தார்.

"நான் வழிமொழியிறன்."

"மெற்றில்டா, அங்கத்துவம் வீட்டுக்கு ஒண்டு. அது பெனடிக்ற்றின்ர பேரில. உமக்கு வாக்கில்லை."

"அப்ப சந்தா ஆரின்ர சம்பளத்தில போகுது?"

தட்டை மேசையில் வைக்காமலே திரும்பக் கொண்டுபோனார். மற்றப் பெண்களும் பின்னால் போனார்கள். எங்கள் சங்க வரலாற்றில் ரோல் இல்லாமல் கலைந்த கூட்டம் அதுதான்.

தீர்மானம் விழுந்துவிட்டது, மகள். மன்னித்துக்கொள். இப்போது எங்கள் வரவேற்பறை நிறையப் பெண்கள் இருந்து சங்க யாப்பு விதிகளை வாசிக்கிறார்கள். தேத்தண்ணி ஊற்றுவது நான். நித்திரை வருவதில்லை. எழும்பி எழும்பி உன் நாட்டுச் செய்தி பார்க்கிறேன்.

அப்பா

டான்யூப் கரை
16 ஏப்ரல் 2025

அன்பு அப்பா,

கையெழுத்து மனு உங்கள் சங்கத்தின் பெயர் இல்லாமலே போய்விட்டது. ஆனால் உங்கள் கடிதத்தை இங்கே எல்லோருக்கும் மொழிபெயர்த்து வாசித்தேன். ரோல் தட்டு திரும்பிப் போன இடத்தில் எங்கள் வழக்கறிஞர் கைதட்டிச் சிரித்தார். பல நாளாக அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

மே 6 எங்கள் அலுவலகத்தின் வழக்கு. யாரும் வந்து பார்க்கலாம். ஆனால் வருகிறவர்களை வாசலில் நின்று சிலர் படம் எடுக்கிறார்கள். அதனால் போன தவணை பார்வையாளர் பெஞ்சுகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. நீதிபதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வா என்று இனி எழுதாதீர்கள், அப்பா. வர மாட்டேன்.

அனோ

லண்டன்
25 ஏப்ரல் 2025

அன்பு மகளே,

எழுதவில்லை. நானும் அம்மாவும் அங்கே வருகிறோம். யாப்பு வாசிக்கிற யோகமலர் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து பிளேன் ரிக்கற் போட்டாயிற்று. சூசைதாசன் அண்ணை தன் பாஸ்போட் முடிந்துவிட்டது என்றார். நான் கேட்கவேயில்லை.

பயமில்லை என்று எழுத மாட்டேன். படம் எடுப்பார்கள் என்றாயே, தலைமயிர் வெட்டிக் கோட்டையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பொத்தான் பூட்டுப்படவில்லை. அம்மா திறந்தபடியே வரச் சொல்கிறார்.

அவர்கள் பேசுவது ஒன்றும் எனக்கு விளங்காது. எந்தப் பெஞ்சில் இருந்தால் நீ திரும்பும்போது எங்களைக் காண்பாய் என்று மட்டும் எழுது.

அப்பா